புரோட்டா மாஸ்டரின் வலக்கை

பாளையங்கோட்டையில் நரம்பு மருத்துவரின் அறைக்கு வெளியே அம்மாவுடன் காத்திருந்தபோது அவரைக் கண்டேன். தச்சநல்லூர்க் கடையொன்றில் புரோட்டா மாஸ்டர்; பருத்த தோள்கள். ஈரத்தை உதறுவதுபோல் வலக்கையை ஓயாமல் உதறினார். விரல்கள் மரத்து வலித்ததால் கடையில் மாவு கைநழுவியதாம். குடிப்பழக்கம்தான் காரணமென்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம்.

அவர் உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது.

"குடியால இல்ல. மாவு பிசைஞ்சு பிசைஞ்சு மணிக்கட்டுல நரம்பு அழுந்தியிருக்கு," என்றார் மருத்துவர்.

மாஸ்டர் உடனே முதலாளியைக் கைப்பேசியில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, மருத்துவரை மறுபடி சொல்லவைத்தார்.

"சரிடே, ரெஸ்ட் எடு," என்றது மறுமுனை.

"ரெஸ்ட் கெடக்கட்டும். நான் குடிகாரன் இல்லன்னு கடை வாசல்ல நின்னு சத்தமா சொல்லும்வே. அதுவரைக்கும் நீரே மாவு பிசையும். உம்ம விரலும் மரத்துப் போவட்டும்!"

கை குணமாகுமா என்று கேட்காமலே அவர் வெளியேறினார். நோய் தீர்ந்தவர்களின் முகத்தில்கூட அத்தகைய நிறைவை நான் கண்டதில்லை.