ரெண்டு பத்துக்கு விழுந்தான்

கேலி செய்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது என் பெரியப்பாவுக்கு நடந்தது. முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர். இல்லாததைச் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

அவருடைய ஒரே மகன் சரக்குக் கப்பலில், இன்ஜின் அறையில் வேலை பார்த்தான். நடுக்கடலில் தவறி விழுந்துவிட்டதாகக் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. உடல் கிடைக்கவில்லை. பெரியப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. நாலு படி இறங்கவும் கைப்பிடியைப் பிடிக்கிற பிள்ளை எப்படித் தவறி விழுவான்? கப்பல் கரை சேர்ந்த அன்றே போய் நின்றார். மதியம் மூன்று முதல் நான்கு வரை கப்பலுக்குள் போக அனுமதி கொடுத்தார்கள்.

முதலில் துணை அதிகாரியைக் கேட்டார்.

"ராத்திரி ரெண்டு பத்துக்கு விழுந்துட்டான் ஐயா. யாரும் பாக்கல."

மெக்கானிக்கைக் கேட்டார்.

"ரெண்டு பத்துக்கு விழுந்துட்டான். யாரும் பாக்கல."

பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவரும் அதையேதான் சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை. ஒருத்தரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"யாருமே பாக்கலேன்னா, ரெண்டு பத்துன்னு எப்படித் தெரியும்?"

துணை அதிகாரி டீ குடிக்கச் சொல்லிச் சமையலறைப் பக்கம் கைகாட்டினார்.

அங்கே சமையல்காரர் மட்டும் இருந்தார். பெரியப்பா அதே கேள்வியைப் போட்டார். சமையல்காரர் அடுப்பை அணைத்தார். கதவைச் சாத்தினார்.

"அவனே சொன்னான்."

"எப்போ?"

"மறுநாள் காலைல. இங்கதான் நின்னான். தலையெல்லாம் நனைஞ்சு..."

பெரியப்பாவுக்கு ரத்தம் கொதித்தது. கொன்றும் போட்டுவிட்டுக் கதை வேறு கட்டுகிறார்களா? விருட்டென்று மகனுடைய அறைக்குப் போனார்.

மணி 3.41.

மெத்தை இல்லாத வெறும் கட்டில். காய்ந்த தரை. உட்கார்ந்தார்.

டொக்... டொக்...

எட்டிப் பார்த்தார். வெளியே யாரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பக்கத்தில் கட்டில் கிறீச்சிட்டது. பலகை மெல்ல இறங்கியது...

ஆள் உட்கார்ந்தால் இறங்குகிற மாதிரி.

தொடையோரம் ஈரம்... சில்லென்று...

"டேய்... நீயாடா?"

மூச்சுச் சத்தம் மட்டும்.

3.44.

நின்றுவிட்டது.

பெரியப்பா புகார் கொடுத்தார். நாற்பது நாள் கழித்து விசாரணை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். கப்பலின் வருகைப் பதிவேட்டை அதிகாரி பிரித்துக் காட்டினார். தினமும் காலை ஆறு மணிக்கு எல்லாரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

விழுந்த மறுநாள், மகனுடைய கையெழுத்து இருந்தது. அதற்கடுத்த நாளும்.

"எவனோ அவர மாதிரியே போட்டிருக்கான்" என்றார் அதிகாரி.

பெரியப்பா பக்கங்களைத் தள்ளினார். மற்றவர்களின் கையெழுத்து, கப்பல் கரை சேர்ந்த நாளோடு முடிந்திருந்தது. மகனுடையது முடியவில்லை. ஒரு நாள் விடாமல்...

"இந்தப் புத்தகம் இங்க எத்தனை நாளா இருக்கு சார்?"

"கப்பல் வந்த மறுநாள்லேருந்து. பீரோல, சீல் வச்சு. உங்க கண்ணு முன்னாலதானே உடைச்சேன்."

பெரியப்பா கடைசிக் கையெழுத்தில் விரல் வைத்தார். அன்றைய தேதி.

மை விரலில் ஒட்டியது.