எண்ணெய் இல்லாத ஆயில்

ராஜவேலுக்கு மூக்கு கூர்மை. கடலூர் முதுநகரில் ஒரு பழைய அம்பாசடரை வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த அவனுக்கு, வண்டியில் எது ஒழுகுகிறது, எது சூடேறுகிறது என்பதைக் கண்ணுக்கும் காதுக்கும் முன்னால் மூக்குதான் சொல்லும். அப்படிப்பட்ட மூக்கும் இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஏமாந்துபோனது.

வெள்ளிக்கிழமைதோறும் அமிர்தம் டீச்சரைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போய் மருத்துவமனையில் காட்டிவிட்டு வருவது அவனுடைய நிலையான வாடகை. டீச்சர் ஓய்வு பெற்றவர். வலது முழங்கால் மடங்காது. பின் சீட்டில் காலை நீட்டி உட்கார அம்பாசடரைப் போலத் தோதான வண்டி வேறில்லை என்பார். சிப்காட் தொழிற்பேட்டை ஓரமாகப் போகும்போது ஏதாவது ஒரு வாடை காற்றில் வரும். உடனே டீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "கண்ணாடிய ஏத்துப்பா" என்பார். அன்றும் அப்படித்தான். கண்ணாடியை ஏற்றினான். ஆலப்பாக்கம் வந்ததும் இறக்கினான். வாடை அப்படியே இருந்தது.

"என்னா ராஜவேலு, தொழிற்பேட்டையும் நம்மகூட சிதம்பரம் வருதா?" என்றார் டீச்சர்.

வாடை தன் வண்டியிலிருந்தே வருகிறது என்று அப்போதுதான் ராஜவேலுக்கு உறைத்தது. வண்டியை ஓரம் கட்டி இறங்கினான். முன் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை. தண்ணீர் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டான். தோசைக்கல்லில் விட்டதுபோலச் சீறியது. கியரை எடுத்துவிட்டுப் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தான். வண்டி அசையவில்லை. பெடலில் யாரும் கால் வைக்காமலே பிரேக் பிடித்துக்கொண்டு நின்றது. டீச்சர் கொண்டுவந்திருந்த காப்பியைக் குடித்து முடிக்கிற நேரம் காத்திருந்த பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல வண்டி உருண்டது.

சூடு ஏற விடாமல் அங்கங்கே நிறுத்தி நிறுத்திச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தான். டீச்சரை இறக்கிவிட்டு ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினான். அங்கிருந்தவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"வண்டிக்கு வயசாயிடுச்சிண்ணே. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எல்லாம் புதுசு போடணும். அந்தச் செலவுக்கு இந்த வண்டி தாங்குமா? வந்த விலைக்குத் தள்ளிடுங்க."

தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்பது ராஜவேலுக்குத் தெரியும். இந்தக் காரை வாங்கும்வரை பிறத்தியார் வண்டிகளில் ஆக்டிங் டிரைவராக ஓடியவன் அவன். எப்போது கூப்பிடுவார்கள் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்தப் பிழைப்புக்குத் திரும்ப வேண்டும். போதாததற்கு டீச்சரின் மகன் சாயங்காலமே போன் செய்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வண்டி சரியாகவில்லையென்றால் அம்மாவுக்கு வேறு வண்டி பேசிவிடுவதாக அவர் சொன்னதில் தப்பில்லை.

கவலை ஒரு பக்கம் இருந்தாலும், ஒரு கேள்வி அவனை விடவில்லை. வயசானால் பிரேக் பிடிக்காமல்தானே போக வேண்டும்? இது ஏன் பிடித்த பிடியை விடமாட்டேன் என்கிறது?

மறுநாள் அந்தக் கேள்வியோடுதான் தட்சிணாமூர்த்தியின் ஷெட்டுக்குப் போனான். முதுநகரில் ரயில்வே ஜங்ஷன் பக்கம் ஷெட். போன தடவை எஃப்.சி. தகுதிச் சான்று வாங்க இந்த வண்டிக்குப் பிரேக் வேலை பார்த்ததும் அவர்தான். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேற்றிக் கொண்டுவந்து நிறுத்தினான். தட்சிணாமூர்த்தி சக்கரத்தின் பின்னால் பிரேக் ஆயிலை வடிக்க இருக்கும் நிப்பிளை லேசாகத் தளர்த்தினார். ஆயில் பீய்ச்சி அடித்தது. சக்கரம் விட்டுவிட்டது.

"பெடல விட்டாலும் ஆயில் மேல திரும்பிப் போவல வேலு. எங்கியோ அடைச்சிக்கிது."

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, உள்ளேயிருந்த ரப்பர் வாஷரை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். ஆயில் திரும்பும் துளையையே அடைக்கும் அளவுக்கு, ஊறிய கொண்டைக்கடலைபோல உப்பியிருந்தது.

"டூப்ளிகேட்டா போட்டீங்களாண்ணே?"

"கம்பெனி வாஷர் போட்டவன்டா நான். ஒன் வண்டிதான் டூப்ளிகேட்டு."

ராஜவேல் வாஷரையும், சக்கரத்திலிருந்து வடித்ததை ஒரு பாட்டிலிலும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவன் மனைவி ஜெயராணி அடுப்பில் மத்திக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். குழம்பு கொதித்து, மேலே எண்ணெய் பிரிந்து நின்றது. ராஜவேல் அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, பாட்டிலில் இருந்ததைச் சில சொட்டு விட்டான். பாதி தண்ணீரோடு கரைந்துபோனது. மீதி பொன்னிற முத்துகளாக மேலே வந்து மிதந்தது. டம்ளரைக் கழுவி, டிக்கியில் இருந்த சீல் பிரிக்காத பிரேக் ஆயில் டின்னை உடைத்து, அதிலிருந்தும் விட்டான். அத்தனையும் கரைந்தது. ஒரு முத்துகூட மிதக்கவில்லை.

"பிரேக் ஆயில்ல எண்ணெயே கெடையாது ஜெயா" என்றான்.

"எண்ணெய் இல்லாததுக்கு எதுக்கு ஆயில்னு பேரு?"

"அதான் தெரியல. பிரேக் ஆயில் தண்ணில கரையுது. மெதக்கறது வேற என்னாமோ."

"எதுவா வேணா இருக்கட்டும். அந்த டம்ளரு இனிமே ஒங்களுது. சமையக்கட்டுக்குள்ள கொண்டாராதீங்க."

அந்த வண்டியில் அவனையும் தட்சிணாமூர்த்தியையும் தவிர வேறு கை பட்டது ஒரே ஒரு தடவைதான். கிறிஸ்துமஸ் முடிந்து ஜெயராணியின் தம்பி சார்லஸ் கூட்டாளிகளோடு வேளாங்கண்ணிக்கு எடுத்துப் போயிருந்தான். சார்லஸ் வயரிங் வேலை செய்பவன், துப்புரவானவன். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கண்ணாடி முதற்கொண்டு துடைத்துத்தான் கொடுத்தான். அன்று சாயங்காலம் வந்தவனிடம் ராஜவேல் மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், வேளாங்கண்ணி போனப்போ வண்டில எதுனா ஊத்தினியா?"

சார்லசுக்கு முகம் மலர்ந்தது. "கண்டுபுடிச்சிட்டீங்களா மாமா? பிரேக் டப்பால ஆயில் கம்மியா இருந்துச்சி. வழியில பங்க்ல நிறுத்தி, இருக்கறதுலயே நல்ல ஆயிலா குடுங்கன்னு வாங்கி ஊத்தினேன். வெல ஜாஸ்திதான். ஒங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு சொல்லல."

"என் தம்பி வாங்கினா மட்டமானத வாங்க மாட்டான்" என்றாள் ஜெயராணி.

"மட்டமானத வாங்கியிருந்தா பங்க்ல காசு மிச்சம் ஆயிருக்கும். அது இஞ்சின் ஆயில்" என்றான் ராஜவேல்.

சார்லஸ் டம்ளரையும் உப்பிய வாஷரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஆயில்னுதான மாமா எல்லாரும் சொல்றீங்க" என்றான். ராஜவேலும் இத்தனை வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஷெட்டில் போய்ச் சொன்னபோது தட்சிணாமூர்த்தி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "இஞ்சின்லயும்தான் ரப்பர் சீல் இருக்கு. அது உப்பலியே?" என்றார். நியாயமான கேள்வி. ராஜவேல் இரண்டு புது வாஷர்களை வாங்கினான். ஒரு பாட்டில் மூடியில் பிரேக் ஆயிலும் இன்னொன்றில் இஞ்சின் ஆயிலும் ஊற்றி, மூடிக்கு ஒரு வாஷராகப் போட்டு, ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே வைத்தான். இரண்டு நாள் வெயில் தகரத்தைக் காய்ச்சிய பிறகு தட்சிணாமூர்த்தியே இரண்டையும் எடுத்துச் சிலிண்டருக்குள் நுழைத்துப் பார்த்தார். முதல் வாஷர் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது வாயிலேயே நின்றுவிட்டது.

"இது வேற ஜாதி ரப்பர் போலிருக்கு" என்று முணுமுணுத்தார். பிறகு சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவினார். "வேலு, இரும்புக்கு ஒண்ணும் ஆவல. ஒரு கீறல் இல்ல. கெட்டது ரப்பர் மட்டுந்தான். அப்புறம் சிலிண்டர எதுக்கு மாத்தணும்?"

வேலை அதோடு சுருங்கிவிட்டது. மாஸ்டர் சிலிண்டருக்கும் சக்கரங்களுக்கும் வாஷர் கிட், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள், கருகிப்போன முன் பிரேக் ஷூக்களுக்குப் புது லைனிங், அவ்வளவுதான். லைனிங்கைப் பழைய ஷூவிலேயே ரிவெட் அடித்துக்கொள்ளலாம். குழாய்களுக்குள் ஒட்டியிருந்ததை ஸ்பிரிட் விட்டுக் கழுவி, காற்று அடித்து உலர்த்தினார்கள். புது வாஷர்களைப் பெட்ரோலில் கழுவ வேண்டாமா என்று சார்லஸ் கேட்க, "நீ எதையும் தொடாத" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஆனாலும் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். புதுப் பிரேக் ஆயிலை ஊற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கும்போது பெடலை மிதிக்க ஆள் வேண்டும். "மிதி... மிதி... புடி" என்று கீழேயிருந்து குரல் வரும். சார்லஸ் அழுத்திப் பிடிப்பான். நிப்பிளைத் திறந்து மூடுவார்கள். "விடு" என்ற பிறகு காலை எடுப்பான்.

"வேளாங்கண்ணிக்கு நடந்தே போயிருந்தா இவ்ளோ மிதிக்க வேணாம் தம்பி" என்றார் தட்சிணாமூர்த்தி சக்கரத்துக்குப் பின்னாலிருந்து.

ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் வடிந்ததை ராஜவேல் தன் டம்ளர் தண்ணீரில் விட்டுப் பார்த்தான். பின்னால் இடது சக்கரத்தில் மட்டும் ஒரு சின்ன முத்து மிதந்தது. கடுகளவுகூட இராது. தட்சிணாமூர்த்தி போதும் என்றார். ராஜவேல் போதாது என்றான். முத்து வருவது நின்ற பிறகுதான் நிப்பிளை இறுக்க விட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் சார்லஸ் கூப்பிடாமலே வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டான். அமிர்தம் டீச்சர் பின்னால் காலை நீட்டிக்கொண்டார். முதுநகரைத் தாண்டும்வரை பேச்சு நடந்தது. தொழிற்பேட்டை நெருங்கியதும் வழக்கமான வாடை வந்தது. டீச்சர் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனார். ராஜவேல் கண்ணாடியை ஏற்றினான். இந்த வாடைக்கு உள்ளே இன்னொரு வாடை இருக்கிறதா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மாடு குறுக்கே வந்த இடத்திலும், பஸ் நின்ற இடத்திலும் வேண்டுமென்றே கூடுதலாகப் பிரேக்கை மிதித்தான். சார்லசின் வலது காலும் மிதித்துக்கொண்டு வந்தது.

ஆலப்பாக்கம் வந்தது. ராஜவேல் கண்ணாடியை இறக்கினான்.

டீச்சர் தலைப்பை மூக்கிலிருந்து எடுத்து, கண்ணை மூடி, நிதானமாக ஒருமுறை மூச்சை இழுத்தார். அந்த மூச்சு முடியும்வரை முன்னால் இருந்த இருவரும் மூச்சு விடவில்லை.

"வெறும் உப்பங்கழி வாசந்தான் வருது" என்றார். "தொழிற்பேட்டைய அங்கியே எறக்கி வுட்டுட்டியா?"

ராஜவேல் அப்படியும் வண்டியை நிறுத்தி இறங்கி, சக்கரம் சக்கரமாகக் கையை வைத்துப் பார்த்தான். வெயில் பட்ட இரும்பின் சூடு, அவ்வளவுதான். நாலாவது சக்கரத்தில் கை கொஞ்சம் அதிக நேரம் இருந்தது.

"மாமா," சார்லஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "பிரேக் தண்ணின்னு பேரு வெச்சிருந்தா இந்த வம்பே வந்திருக்காது."

"தண்ணின்னு வெச்சிருந்தா நீ இருக்கறதுலயே நல்ல தண்ணியா வாங்கி ஊத்தியிருப்ப" என்று சொல்லிக்கொண்டே ராஜவேல் வண்டியில் ஏறினான்.