விசாவில் சமையல்காரர்

"தொழில்: சமையல்காரர்." மயிலாடி ரசலையனைப் பற்றி ஓமன் அரசாங்கம் எழுதி வைத்திருந்தது இவ்வளவுதான். ரசலையனோ கட்டன்சாயாவைக்கூட அடுத்தவர் போட்டுத் தந்தால்தான் குடிப்பார். ஏஜெண்டு கையில் அன்றைக்கு மிச்சமிருந்தது சமையல்காரர் விசா. கிடைத்ததில் ஏறிப் போனார். மஸ்கட்டில் அவர் பார்த்தது மொட்டைமாடிகளில் தண்ணீர்த் தொட்டி கழுவும் வேலை. வட்டத் தொட்டிக்குள் இறங்கி, நீளப் பிரஷால் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். உள்ளே நின்று பாடினால் தொட்டியும் கூடப் பாடும்.

மகள் பெமிலா குழந்தையாக இருந்தபோது போனில் கேட்டாள், "அப்பா, அங்க என்ன வேல?"

விசாவில் உள்ளதைச் சொன்னார். ஒரு அரசாங்கமே சொல்வதை மறுக்க அவர் யார்?

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைக்கு ஒரு சமையல் சொல்ல வேண்டியதாயிற்று. அதிகமும் பாயசம். அரிசியும் பாலும் சீனியும் ஒன்றாகப் போட்டு, தீயைத் தாழ்த்தி, கிண்டிக்கொண்டே இருந்தால் பால் மெல்லச் சிவக்கும் என்பார். அந்தச் சிவப்பு, தொட்டிக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கையில் வட்டமாகத் தெரிந்த சாயங்கால வானத்திலிருந்து எடுத்தது. பெமிலா அதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுத் தூங்கினாள்.

ஊருக்குத் திரும்பிய பின்னும் அவர் அடுப்பைத் தொடவில்லை. "லீவு வேண்டாமா?" என்பார். இப்போது பெமிலா கல்யாணமாகி, மாப்பிள்ளை அபினேஷோடு முதல் விருந்துக்கு வருகிறாள். முன்கூட்டியே போன் வந்தது.

"அப்பா, அவங்க வீட்டுல எல்லாருட்டயும் சொல்லியாச்சு. அந்தச் செவந்த பாயசம், உங்க கையால. என் மானத்த வாங்கிராதீங்க."

உண்மை தெரிந்த ஒரே ஆள் மனைவி தங்கபாய். விருந்தன்று விடியக்காலையிலேயே அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"வெள்ளப் பாயசம்னா நான் அரமணிக்கூர்ல வச்சு எறக்கிருவேன். கருப்பட்டி போடாம பாலு எங்கயாவது செவக்குமா?"

"செவக்கும்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்."

சொன்னபடியே அரிசி, பால், சீனி எல்லாவற்றையும் ஒன்றாக உருளியில் கொட்டினார். தங்கபாய் தலையில் அடித்துக்கொண்டாள். "சீனிய மொதல்லயே போட்டா அரிசி வேகுமா? இனி பிள்ள திரும்பிப் போறதுக்குள்ள வெந்தா ஆச்சு. அவ மொகத்துல எப்பிடி முழிப்பீங்களோ?"

அரிசி வேகத்தான் இல்லை. வேறு வழி தெரியாமல் கிண்டினார். கை தானாகவே தொட்டி கழுவும் சுற்றுக்குப் போயிற்று. ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, அடியில் ஓரிடம் விடாமல். பக்கத்துப் பட்டறையில் கல்லறுக்கும் மெஷின் ரீங்காரம் போட்டது. மொட்டைமாடி ஏசிகளும் இப்படித்தான் முனகும். ஆவி முகத்தில் படப்பட, அவர் ஒரு வெள்ளைத் தொட்டிக்குள் நின்றார். மேலே வானம் வட்டமாக இருந்தது. போனில் ஒரு சின்னக்குரல், "பெறவு, அப்பா?" என்றது. பெறவு இன்னொரு சுற்று. பால் வற்றியது, அரிசி ஒருவழியாகக் குழைந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது.

"ஏங்க," என்றாள் தங்கபாய். நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள். "இங்க பாருங்க."

பால் சிவந்திருந்தது. மெலிதாக, சாயங்காலம் மாதிரி.

மத்தியானம் இலையில் பாயசத்தை ஊற்றினார்கள். ஓடாமல் நின்றது. அபினேஷ் பப்படத்தை நொறுக்கிப் போட்டு, மட்டிப்பழத்தைப் பிசைந்து, வாயில் வைத்தான். பெமிலா அவன் முகத்தையே பார்த்தாள்.

"மாமா, அங்க எத்தன பேருக்கு இப்பிடி வைப்பீங்க?"

பாயசம் பொய்யாக இருந்தவரை அந்தப் பொய்யை விட மனம் வராத ரசலையனுக்கு, அது மெய்யான பிறகு உண்மையை ஒளிக்கத் தோன்றவில்லை.

"நான் அங்க தொட்டி கழுவினேன் மக்கா. சமையல் இன்னைக்குத்தான் மொதல்."

அபினேஷ் சிரித்தான். பெமிலா அவனைவிடச் சிரித்தாள். "பாத்தீங்களா? அப்பா எப்பவும் இப்பிடித்தான், பெருமையே காட்ட மாட்டாங்க. இன்னொரு தவி பாயசம் விடுங்கப்பா."

தங்கபாய் தவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

பதினாறு வருடம் ரசலையன் மஸ்கட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவினார். அன்றைக்குப் பாயசம் காய்ச்சினார்.