வேலிமரத்துக்கு மறுதாம்பு விட்ட எங்கள் அக்கா

அந்த யோசனை அக்காவுக்கு வந்தது விளாத்திகுளம் பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில். பக்கத்தில் நான் இருந்தேன். அது ஒரு மார்கழி. கரிசல்காடு முழுக்கப் பச்சை. திடீரென்று அக்கா எழுந்து, "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க!" என்று கூவினார்கள்.

"ஏம்மா, இங்கன ஸ்டாப்பு கிடையாது" என்றார் கண்டக்டர்.

"ஸ்டாப்பு இல்லன்னா என்ன, பஸ்ஸுல பிரேக்கு இருக்குல்லா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. எங்களை இறக்கிவிட்டுத்தான் போனது.

நாங்கள் இறங்கிய அந்த மானாவாரிக் காட்டின் பொழியில், அதாவது நில எல்லை வரப்பில், நின்ற வேப்பமரங்களையும் மஞ்சணத்தி மரங்களையும் முந்தின சித்திரையில் அக்காதான் விறகுக்காக விலைபேசி வெட்டினார்கள். தூரையும் வேரோடு தோண்டி எடுப்பதாகப் பேச்சு. ஆனால் பாதி வேலையில் கோடைமழை பிடித்துக்கொண்டது. கரிசல் சேறாகி டிராக்டர் உள்ளே போக முடியவில்லை. முழங்கால் உயர அடிக்கட்டைகளை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். அதற்காகக் காட்டுக்காரரிடம் வசவும் வாங்கினோம். இப்போது அந்தக் கட்டைகளில் ஒவ்வொன்றிலும் ஆறேழு கிளைகள் வெடித்து என் தோள் உயரத்துக்கு நின்றன!

அக்கா ஒரு கிளையைப் பிடித்து வளைத்துப் பார்த்தார்கள். "ஏலே, யாரும் தண்ணி ஊத்தல, உரம் போடல. வெட்டின கட்டையே திரும்பத் தழைக்கட்டும்னு கரும்புக்கு மறுதாம்பு விடுதாங்க. மரத்துக்கு விடக்கூடாதுன்னு எவன் சொன்னான்?"

நான் அப்போது கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். இதே விஷயத்தைப் பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருந்தேன். எழுதினேனே தவிர, அதை விறகுக்கடையோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற அக்காவுக்குத் தோன்றியது.

அக்கா பிறந்தது எப்போதும்வென்றான் கிராமத்தில். பள்ளியை விட்டபின் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டினார்கள். அந்தச் சம்பளத்தில்தான் எனக்குச் சிலேட்டும் செருப்பும் வந்தன. கோவில்பட்டியில் விறகுக்கடை வைத்திருந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். ஒருநாள் லோடு சரிந்து அத்தானின் இடுப்பில் அடிபட்டது. அதன்பின் அத்தானால் தராசுப் பக்கம் உட்கார மட்டுமே முடிந்தது. காடுகாடாகப் போய் மரம் பார்ப்பதும், விலை பேசுவதும், வெட்டாட்களைக் கூட்டிப்போவதும் அக்காவின் பாடாயின. ஒரு பொம்பளை மரம் பார்க்க வருவதைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. அடுத்த வருடம் அதே ஆட்கள், "எம்மா, எங்க பொழிக்கு எப்ப வாரீக?" என்று ஆள் விட்டார்கள்.

ஆனால் வருடாவருடம் மரம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பக்கத்துப் பொழிகள் எல்லாம் தூரோடு காலி. பாஞ்சாலங்குறிச்சி தாண்டியும் அலைய வேண்டியதாயிற்று. கடலைமிட்டாய்ப் பட்டறைக்காரர் ஒருவர் கடை வாசலிலேயே சொல்லிவிட்டார்: "மதினி, பாகு உங்க வண்டி வார வரைக்கும் பதம் காத்து நிக்காது. விறகு பிந்துச்சுன்னா நான் கேஸுக்கு மாறிருவேன்." அவர் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அந்த நேரத்தில்தான் இந்த மறுதாம்பு யோசனை!

மரத்தை வெட்டிக் கட்டையை விட்டுவைக்கச் சம்மதம் கேட்டுச் சந்தோஷமாகக் கிளம்பினோம். காட்டுக்காரச் சம்சாரிகளில் ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லை. "நிழலடிச்சா பருத்தி பூக்காது தாயி. தூரோட எடுக்கதுன்னா எடு, இல்ல ஆளை விடு." நான் பாடப்புத்தகத்தை எடுத்து விளக்கினேன். ஒரு பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பிக்கு மோர் குடுங்கப்பா, வெயில்ல வந்துட்டான்" என்றார்.

வழி திறந்தது நாகலாபுரத்துப் பக்கம். அங்கே ஒரு அண்ணாச்சிக்கும் அடுத்த காட்டுக்காரரான அவர் தம்பிக்கும் நாங்கள் போன நேரத்தில், வேப்பமரங்கள் நின்ற பொழியில் வைத்தே சண்டை.

"ரெண்டு முழம் இருந்த பொழிம்மா. உழுது உழுது தின்னுட்டான். இப்ப ஒரு பூனை நடக்கக் காணாது!" என்று அக்காவிடம் முறையிட்டார் அண்ணாச்சி.

"நான் மட்டுமா தின்னேன்? நீ உன் பக்கம் பட்டினியா கெடந்தியோ?"

நான் மெதுவாக நழுவப் பார்த்தேன். அக்கா நகரவில்லை. "அண்ணாச்சி, ஒண்ணு கேக்குதேன். பொழி நெடுக அடிக்கட்டை நின்னா டிராக்டர் கிட்ட வருமா? கொழு ஒடிஞ்சு போகாது?"

இருவரும் சண்டையை விட்டு அக்கா பக்கம் திரும்பினார்கள்.

"நாலு வருசத்துக்கு ஒருக்கா நானே வந்து வெட்டிக்கிடுதேன். அதுக்குள்ள நிழல் எம்புட்டு விழுந்துரும்? வெட்டுக்கு வெட்டு உங்களுக்குத் துட்டு. கட்டை மட்டும் நிக்கட்டும்."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். "கட்டை நிக்கட்டும்" என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். அடுத்தவன் கலப்பைக்குத்தான் அது தடை என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டார்கள்!

அதன்பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. "உங்க அக்கா காப்பி குடிக்க முன்னால எந்த ஊர்ல அண்ணன் தம்பி சண்டைன்னுல்லா விசாரிக்கா" என்று அத்தான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். முதல் மறுவெட்டு வந்த வருடம் நாங்கள் துள்ளிக் குதித்தோம். எல்லாம் கைத்தடிமன் கம்புகள். பிளக்கவே வேண்டாம், காய்ந்தால் போதும். ஒரே சீராக எரிந்தன. பட்டறைக்காரர் கேஸுக்குப் போகவே இல்லை.

இவ்வளவு நடந்தும் அக்காவுக்கு ஒரு குறை இருந்தது. போன புரட்டாசியில் நெஞ்சுவலி வந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அதைச் சொன்னார்கள். "ஏலே, விவரம் தெரியாம முதல்ல ஏழு பொழியத் தூரோட தோண்டிட்டேன். மொதப் பொழி நம்ம சித்தப்பா பொழி. மழைத்தண்ணி அதை அறுத்துக்கிட்டுப் போகுது, பாத்தியா? அங்கன மறுதாம்புக்கு என்ன இருக்கு? புதுசாத்தான் வைக்கணும். எந்திச்சதும் போவோம்." நான்காம் நாள் அக்கா போய்விட்டார்கள்.

இந்த ஓராண்டும் எங்களைத் தாங்கியவர்களுக்குக் கை கூப்புகிறோம். கோடாரியோடு வந்த கையோடு பாடைக்கும் தோள் கொடுத்த வெட்டாட்களுக்கு, ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த தெருக்காரர்களுக்கு, தாங்களே சமைத்துக்கொண்டுவந்து அத்தானைச் சாப்பிட வைத்த மிட்டாய்ப் பட்டறைப் பெண்களுக்கு. நாகலாபுரத்து அண்ணனும் தம்பியும் ஒரே மோட்டார் சைக்கிளில் துக்கத்துக்கு வந்ததை நாங்கள் மறக்கமாட்டோம்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். வேப்பங்கொட்டை உதிர்ந்த சூட்டோடு போடாவிட்டால் முளைக்காது. ஆகவே ஆடியிலேயே பொறுக்கி, பால் பாக்கெட்டுகளில் மண் நிரப்பிப் போட்டேன். நாற்பது கன்றுகள் தேறியிருக்கின்றன. மஞ்சணத்தியில் பதினொன்று. எல்லாம் கடைக்குப் பின்னால் நிற்கின்றன. அக்கா தோண்டிய ஏழு பொழிகளில் ஆறுக்குச் சம்மதம் வாங்கிவிட்டேன்.

சம்மதிக்காத ஒருவர் எங்கள் சித்தப்பா. போன மாதம் நேரில் போய்க் கேட்டேன்.

"அன்னைக்குத் தோண்டச் சொன்னதே நான்தாம்லே. இப்ப நட்டா ஆடு விட்டு வைக்குமா? போலே, போய்ச் சோலியப் பாரு" என்றார்கள்.

சித்தப்பா, அக்காவின் இந்த முதலாண்டு நினைவு மலர் உங்கள் கைக்கும் வரும். ஆட்டுக்கு விடை சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கட்ட உடைமரத்து முள் வெட்டிக் குவித்திருக்கிறேன். ஐப்பசியில் முதல் மழை பெய்து, கரிசல் கால் வைக்கிற பதத்துக்கு வந்த அன்று, கடப்பாரையும் கன்றுகளுமாக முதலில் உங்கள் பொழிக்குத்தான் வருகிறேன். வேண்டாம் என்று சொல்வதாயிருந்தால், மண் அறுந்து கிடக்கிற அந்த இடத்தில் வந்து நின்று சொல்லுங்கள்.