மெதுவாகச் சாப்பிட்டவர்

ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் மென்று, ருசி பார்த்து, நிதானமாகச் சாப்பிடச் சொல்கிறாள் என் பேத்தி. டாக்டரும் அதையேதான் சொல்கிறார். சொல்லட்டும். நான் வளர்ந்த மர்பி டவுன் வீட்டில் மெதுவாகச் சாப்பிட்டால் சந்தேகப்படுவார்கள். அந்த வீடு இப்போது இல்லை, அங்கே மூன்று மாடி நிற்கிறது. அதை விடுங்கள்.

அப்படிச் சந்தேகத்தில் மாட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டு எங்களோடு இருந்தார். ராகிக் களியை இங்கே யாரும் மெல்ல மாட்டார்கள். குழம்பில் புரட்டி விழுங்குவதுதான் வழக்கம். மாமா விழுங்குகிற வேகத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரே கை தட்டியிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் களி வேண்டாம் என்றார். சோற்றைக் குழைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, கண்ணை மூடி மென்றார். நாங்கள் கை கழுவி வந்தபோதும் தட்டில் பாதி அப்படியே இருந்தது.

"என்னடா, சோறு புடிக்கலையா?" என்றாள் அம்மா.

"மெதுவா தின்னா ஒடம்புக்கு நல்லதுக்கா."

அப்பா என்னைத் தனியே இழுத்தார். "ஒடம்புக்கு நல்லதாம்! வெளியில ஒரு புடி புடிச்சிட்டு வந்து இங்க நாடகம் ஆடறான். நாளைக்கு அவன் பின்னாலயே போய்ப் பாருடா."

போனேன். அல்சூரில் ஒரு கறி ஓட்டல். தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். மாமாவின் இலையில் ஆவி பறக்கும் களி, பக்கத்தில் தலைக்கறிக் குழம்பு. அப்பா சொன்னது நிஜம்தான்!

மாமா கொஞ்சம் கிள்ளி, புரட்டி, வாயில் போட்டார். கழுத்தை நீட்டினார். கண்ணில் நீர் வந்தது. பிறகு வாயில் போட்டதைக் கையில் எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். இன்னும் சின்னதாகக் கிள்ளினார். அதுவும் ஓரத்துக்கே வந்தது.

"ஏண்ணா, காரம் ஜாஸ்தியா?" என்றார் பரிமாறுகிறவர்.

"ஆமாப்பா, ஜாஸ்திதான்."

காரம் என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டுக்கு ஓடி, களியும் தலைக்கறியும் பார்த்ததைச் சொன்னேன். சாப்பிட்டாரா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தொண்டையில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது இரண்டு மாதம் கடந்திருந்தது. அதற்கு மேல் அவர் அதிக நாள் இல்லை.

ஆனால் நான் ஓடி வந்து சொன்ன அன்று சாயந்திரம் அம்மா அவருக்குத் தட்டு வைக்கவில்லை. "உனக்குத்தான் வெளியிலயே ஆயிடுச்சாமே."

மாமா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆயிடுச்சுக்கா" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி. திருட்டு வெளிப்பட்டும் வெட்கமே இல்லையே என்று எனக்குக் கோபம் வந்தது.

அவர் பங்கையும் சேர்த்து எனக்கே போட்டாள் அம்மா. எதிரில் உட்கார்ந்து, நான் ஒவ்வொரு வாயாக விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார் மாமா. கண் வைக்கிறார் என்று நினைத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.