தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

என் மூத்த மகளை நான் தவிடு கொடுத்துத்தான் வாங்கினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிள்ளைகளைச் சீண்டுவதற்கு எல்லா வீட்டிலும் "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்பார்கள். என் வீட்டில் அது நிஜமாகவே நடந்தது. திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த தெரு முழுக்க அதற்குச் சாட்சி.

அது ஐம்பதுகளில். இவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவள் பிறந்ததும், பிள்ளை பார்க்க நத்தத்திலிருந்து வந்திருந்த என் நாத்தனார், "இதையும் எம்புள்ளை எம்புள்ளைன்னு மடியில வச்சுக்கிட்டு இருந்தேன்னா இதுவும் போயிரும். வித்துட்டு வாங்கு" என்றார். அதாவது, பிள்ளையை இன்னொரு வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, தவிட்டை விலையாகக் கொடுத்து அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். உயிரைக் கொண்டுபோக வரும் எமன், 'அட, இது இவள் பெற்றதில்லை போலிருக்கிறதே' என்று ஏமாந்து போய்விடுவான். அவனுக்கு அவ்வளவுதான் மூளை என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. நானும் நம்பினேன். இரண்டைப் பறிகொடுத்தவள் எதைத்தான் நம்பமாட்டாள்?

எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்தோம். அவர்கள் முஸ்லிம்கள். வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். அக்காவுக்கு வீடு நிறையப் பிள்ளைகள், அத்தனையும் கல்லுக்குண்டு மாதிரி. ராசியான கை என்று நாத்தனார்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார். அக்கா பிள்ளையைச் செத்த நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, பேரம் வேறு பேசினார்.

"இம்புட்டு அழகான புள்ளைக்கு ஒரு படி தவிடுதானா? கட்டுப்படியாகாது. இன்னொரு கை அள்ளிப் போடுங்க."

நாத்தனார் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு இன்னொரு கை அள்ளிப் போட்டார். பிள்ளை என் மடிக்கு வந்தது. நாத்தனார் ஊருக்குக் கிளம்பும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, "யாரு கேட்டாலும் வாங்குன புள்ளைதான். பெத்த புள்ளைன்னு உன் வாயால ஒரு நாளும் சொல்லிறாத" என்று கட்டளை போட்டுவிட்டுப் போனார். நானும் சொல்லவில்லை.

பிள்ளை தங்கியது. தங்கியது மட்டுமல்ல, வாயும் வளர்ந்தது. நடக்கப் பழகியதிலிருந்தே அவளுக்குத் தன் விலை தெரியும். எதிர்வீட்டு அக்காவே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தார். நான் சோற்றை ஊட்டப் போனால், "எங்க பெரியம்மா வீட்டுல கறி" என்று எழுந்து எதிர்வீட்டுக்கு ஓடுவாள். பின்னே இருக்காதா? என் வீட்டில் கத்தரிக்காய். என் வீட்டுக்காரர் காய்கறி மண்டியில் எடை போடுகிறவர், அன்றைக்கு மண்டியில் எது விலைபோகவில்லையோ அதுதான் எங்களுக்கு வெஞ்சனம். ஒரு வாரம் முழுக்கப் புடலங்காய் தின்றிருக்கிறோம். அவள் ஓடியதில் எனக்குக் கோபமில்லை. கூப்பிட்டால் நானும் ஓடியிருப்பேன்.

அதுவரை எல்லாம் வேடிக்கைதான். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு தம்பி பிறந்தான். மூத்தவள் தங்கிவிட்ட தைரியத்தில் அவனை யாரிடமும் விற்கவில்லை. ஒரு நாள் நான் தண்ணீர் சுமந்து, துணி அலசி, இடுப்பு கழன்று போய் உட்கார்ந்திருக்கிறேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டே அவள் கேட்டாள்.

"இவன எம்புட்டுத் தவிட்டுக்கு வாங்குன?"

"இவன எதுக்குடி வாங்கணும்? இவன் நான் பெத்த புள்ளை" என்றேன்.

சொன்ன நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் தொட்டிலை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலையில் சீப்பும் ரிப்பனுமாக வந்து நின்றாள்.

"சின்னம்மா, தலை பின்னி விடுறீங்களா?"

சின்னம்மாவாம்! அதுவும் 'விடுறீங்களா'வாம்! பிறந்ததிலிருந்து என்னை வா, போ என்றவள். எதிர்வீட்டுப் பெரியம்மாவை அன்று முதல் 'அம்மா' என்று கூப்பிட்டாள். நான் மிரட்டினேன், கெஞ்சினேன், வெல்லம் கொடுத்தேன். வெல்லத்தை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி சின்னம்மா" என்றாள். அந்த மரியாதை என்னை அடித்ததுபோல் யாரும் அடித்ததில்லை.

அவள் அப்பாவுக்கோ ஒரே சிரிப்பு. சாப்பிட்டுக்கொண்டே, "அப்ப நான் யாரு ஆத்தா, சித்தப்பனா?" என்று கேட்டார்.

"நீ அப்பாதான். தவிடு குடுத்து வாங்குனது சின்னம்மாதான? நீயா வாங்குன?"

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. நான் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னேன்: "அப்பா நீங்க. அம்மா எதிர்வீட்டு அக்கா. தெருவுல போயிச் சொல்லிக்கிட்டுத் திரிவா, கேட்டுக்கங்க." அவருக்குப் புரை ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தோடு சிரிப்பை நிறுத்தினார்.

அந்த வாரத்தில் குழாயடியில் ஒருத்தி என்னிடம், "மாடு எப்ப வாங்குனீங்க? பாலு எம்புட்டுக் கறக்குது?" என்று விசாரித்தாள். இன்னொருத்தி, "தவிடு பத்துச்சா? வேணும்னா இன்னமும் கெடக்கு, புள்ளைய அனுப்புங்க" என்றாள். எங்கள் வீட்டில் ஒரு கோழி கூடக் கிடையாது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஓலைக்கொட்டான் நிறையத் தவிட்டோடு அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய் வாங்கிச் சேர்த்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கொட்டானைக் கீழே வைத்தாள்.

"ஒரு படியும் ஒரு கையும் இருக்கு. அளந்து பாத்துக்கங்க சின்னம்மா. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

கையில் துணிப்பை. உள்ளே அவளுடைய பாவாடை, சட்டை, சிலேட்டு. எனக்கு வந்த கோபத்தில், "காலை ஒடிச்சிருவேன்" என்று கத்தினேன். அவள் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. நேராகத் தெருவைக் கடந்து போய் அக்காவின் வாசலில் நின்றாள். உள்ளே தொட்டிலில் கத்திய சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

வழக்கமாகச் சிரிக்கிற அக்கா அன்று சிரிக்கவில்லை. "போத்தா, உங்கம்மாகிட்டப் போ" என்றார்.

"நீங்கதான எங்கம்மா?"

அக்கா என்னைப் பார்த்தார். நாத்தனார் போட்ட கட்டளையை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். "சொல்லிரு புள்ளை. மேல ஒருத்தன் இருக்கான், பாத்துக்குவான்" என்றார்.

முன்னால் போன இரண்டின் முகமும் எனக்குள் வந்து நின்றது. சொன்னால் இவளும் போய்விடுவாளோ? சொல்லாவிட்டால் இதோ, என் கண் முன்னாலேயே போய்விட்டாளே! நடுத்தெருவில் நின்று கத்தினேன்.

"நான்தான்டி உன்னப் பெத்தேன்! நீ என் வயித்துல பொறந்தவடி! நான் பெத்தவ!"

அய்யலூர்ச் சந்தையில் வாங்கிய ஆட்டை இழுத்துக்கொண்டு போன ஒருவர் அரண்டு நின்று, "இப்ப யாரும்மா இல்லேன்னு சொன்னா?" என்றார். ஆடும் நின்று என்னைப் பார்த்தது.

அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். சுவருக்குக்கூடக் கேட்காத குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பிள்ளைகள் இருந்ததை, இல்லாமல் போனதை, எமனை ஏமாற்றி இவளையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று விற்றதை, வாங்கியதை. சொல்லச் சொல்ல எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை. அவள் தன் பாவாடையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"இப்ப எதுக்கு அழுகுற?"

வா, போ திரும்பி வந்திருந்தது.

"சத்தமாச் சொல்லிப்புட்டேனே. அந்த எமன் கேட்டுருப்பானே" என்றேன்.

அவள் எழுந்து, தாழ்ப்பாளை எக்கித் திறந்து, வாசலில் போய் நின்று, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"எங்கம்மா பொய் சொல்லுது! என்னைத் தவிட்டுக்குத்தான் வாங்குச்சு!"

கத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். ஒரு கண்ணை மட்டும் சிமிட்ட அவளுக்குத் தெரியாது. இரண்டு கண்ணையும் இறுக்கி மூடித் திறந்தாள்.