பிரிக்காத சீட் கவர்

வேகமான கார் உசத்தியா, காடுமேடு ஏறும் ஜீப் உசத்தியா என்று இன்று காலையும் இந்த இணையக் குழுவில் உங்களோடு சண்டை போட்டுவிட்டு, என் ஜீப்பைப் பாளையங்கோட்டையில் வாட்டர் சர்வீஸுக்கு விட்டேன்.

கழுவுகிற அண்ணாச்சி கதவைத் திறந்தார்.

"வண்டி வாங்கி ரெண்டு வருசம் ஆச்சுங்கீரு. ஒம்ம சீட்டைத் தவிர மத்ததுல பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கலியே வே. யாரும் ஏறலியா?"

"புதுசு மாதிரி இருக்கட்டும்னுதான் அண்ணாச்சி."

"வெளிய இம்புட்டுச் சேறு கெடக்கு. உள்ள இன்னொரு ஆளு தடம் இல்லியே. கவரைப் பிரிச்சிரட்டா?"

வேண்டாம் என்றேன்.

வேகக் கார் கட்சிக்காரர்களே, ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்ணாரப்பேட்டைப் பாலத்தருகே நிற்பேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து நேரிலேயே திட்டுங்கள்.

கவரை நீங்களே கிழித்துக்கொள்ளலாம்.